லைன் முடிஞ்சா புள்ளியா? ரெண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியோட நிகழ்வு ஆய்வு

ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு, நல்லா பேசுவா, எழுதவும் ஆசை. பேர் வேணாம், குட்டின்னு வெச்சுக்கலாம், அவ அம்மா கிட்ட கேட்டுட்டுதான் இத எழுதறேன். பிரச்சினை ஒண்ணே ஒண்ணுதான், வாக்கியத்தோட கடைசில முற்றுப்புள்ளி வராது, கேள்விக்குறி வராது, வந்தா தப்பான இடத்துல வரும். இதுக்குப் போய் ஒரு ஆய்வா, நாலு தடவை சொன்னா வந்துடாதான்னு தோணும். போன வருஷம் முழுக்க சொல்லியிருக்காங்க, வரல. அப்படின்னா சொல்றதுல ஏதோ இடிக்குதுன்னுதான் அர்த்தம், அதுதான் என்னன்னு பாக்கலாம்னு உக்காந்தேன்.

முதல்ல அவ நோட்டுல இருந்த ஒரு பத்திய அப்படியே போடறேன், எழுத்துப்பிழை எதையும் தொடல:

நான் பார்குக்கு போனேன் அங்கே ஒரு நாய் குட்டி
இருந்தது அது என்னை பாத்து வாலை
ஆட்டியது நான் அதை தொட்டேன் அது ஏன் அழுதது அப்பா
வா போகலாம் என்று சொன்னார் எனக்கு போக புடிக்கலை

இதுல கதை இருக்கு பாருங்க. ஆரம்பம் இருக்கு, நடுவுல ஒரு சின்ன திருப்பம் இருக்கு, கடைசில அவ மனசும் இருக்கு. குறி ஒண்ணு கூட இல்ல, அவ்ளோதான். இந்த மாதிரி நோட்ட கையில எடுத்தா முதல்ல இந்தக் கதைய ரசிக்கணும், அத ரசிக்காம சிவப்பு பேனாவத் தூக்கறது எனக்கு சுத்தமா பிடிக்காது.

ஆனா அதுதான் நடந்திருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல "புள்ளி எங்கே?"ன்னு சிவப்புல எழுதியிருந்தது. அதுக்கப்புறம் வந்த பக்கங்கள்ல என்ன ஆச்சுன்னா குட்டி புள்ளி வெக்க ஆரம்பிச்சுட்டா, எங்கன்னா ஒவ்வொரு லைனோட கடைசிலயும். "வாலை"ன்னு லைன் முடியுதா, அங்க ஒரு புள்ளி. "அப்பா"ன்னு முடியுதா, அங்கயும் ஒண்ணு. லைன் நடுவுல எத்தன வாக்கியம் முடிஞ்சாலும் அங்க எதுவும் கிடையாது. வீட்டுல இத பாத்துட்டு கவனக்குறைவுன்னாங்க. நான் அப்படி நினைக்கல, ஒவ்வொரு லைன்லயும் மறக்காம ஒரே இடத்துல வெச்சிருக்கான்னா அது கவனக்குறைவு இல்ல, அவ மனசுல ஒரு விதி இருக்கு, அந்த விதிய ரொம்ப ஒழுங்கா கடைப்பிடிக்கறா.

அந்த விதி என்னன்னு அவ கிட்டயே கேட்டேன். ஒரு கதை புஸ்தகத்துல முற்றுப்புள்ளி மேல விரல வெச்சு, "இது எதுக்கு இங்க இருக்கு?"

"அது முடிஞ்சா வெக்கறது மிஸ்."

"எது முடிஞ்சா?"

"லைன் முடிஞ்சா."

நியூசிலாந்துல மேரி கிளேன்னு ஒருத்தர் (1926–2007), சின்னப் பசங்களோட வாசிப்ப பத்தி வாழ்நாள் முழுக்க வேலை பண்ணவர், குழந்தைக்கு அச்சுல இருக்கற எழுத்தப் பத்தி என்னென்ன தெரிஞ்சிருக்குன்னு பாக்க 24 கேள்வி கொண்ட ஒரு சோதனை செஞ்சு வெச்சார். புஸ்தகத்தோட முன்பக்கம் எது, எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கணும்னு போற அந்த வரிசையில புள்ளியையும் கேள்விக்குறியையும் காட்டி இது எதுக்குன்னு கேக்கறதும் உண்டு. சொல்லித்தர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்விய கேட்டுட்டா பாதி வேலை மிச்சம்னு நான் சொல்லுவேன். குழந்தை தப்பா வெக்குதுன்னு நாம பாக்கறோம், என்ன நினைச்சு வெக்குதுன்னு கேக்கறதில்ல.

சரி, லைன் கடைசிலதான் புள்ளிங்கற விதி எங்க இருந்து வந்துச்சு? குட்டி முதல் ரெண்டு வருஷம் படிச்ச புஸ்தகங்கள எடுத்துப் பாருங்க. ஒரு படம், கீழ ஒரு லைன், "இது பூனை." அடுத்த லைன், "பூனை ஓடியது." ஒரு வாக்கியம் ஒரு லைன், அந்த லைனோட கடைசில புள்ளி, எல்லா பக்கத்துலயும் இதேதான். இதப் பாத்து வளர்ற குழந்தை லைன் முடிஞ்சா புள்ளின்னு புரிஞ்சுக்கறது எவ்ளோ சரியான முடிவு! அவளுக்குக் கிடைச்ச ஆதாரத்த வெச்சு நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். இது குட்டிக்கு மட்டும் நடக்கறது இல்ல. இங்கிலாந்துல நைஜல் ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல குழந்தைங்க நிறுத்தக்குறிய எப்படி கத்துக்கறாங்கன்னே தனியா ஆராய்ச்சி பண்ணார், அங்கயும் குழந்தைங்க முதல்ல பக்கத்தோட அமைப்ப பாத்துதான் வெக்கறாங்க, லைன் கடைசி, பக்கத்தோட கடைசி, இப்படி. வாக்கியத்த பாத்து வெக்கறது அதுக்கப்புறம் வர்ற கட்டம். மொழி வேற, எழுத்து வேற, குழந்தை போற வழி ஒண்ணுதான்.

இன்னொரு விஷயம் நம்ம எழுத்துக்கே உரியது. "புள்ளி வெக்க மறந்துட்ட பாரு"ன்னு சொன்னப்ப குட்டி என்ன பண்ணான்னா எழுத்துக்கு மேல தேடினா. 'ம்'முக்கு இருக்கா, 'ல்'லுக்கு இருக்கா, 'ன்'னுக்கு இருக்கான்னு ஒண்ணொண்ணா விரல் வெச்சு பாத்துட்டு, "எல்லாம் இருக்கே மிஸ்"னா, முகத்துல அவ்ளோ குழப்பம். அவளுக்கு புள்ளின்னா மெய்யெழுத்துக்கு மேல வெக்கறது, போன வருஷம் பூரா அதத்தான படிச்சா. அதனால அன்னிலேர்ந்து நான் வெறும் புள்ளின்னு சொல்றதே இல்ல, முற்றுப்புள்ளின்னு முழுசா சொல்றேன், விரல லைனுக்குக் கீழ வெச்சு காட்டறேன். சின்ன மாத்தம்தான், ஆனா அந்தக் குழப்பம் அத்தோட போச்சு.

மூச்சு விட்டா புள்ளி, இது வேலைக்கு ஆகாது

பொதுவா சொல்லித்தர்றது ரெண்டு வழி. ஒண்ணு, முற்றுப்புள்ளி சிவப்பு சிக்னல் மாதிரி, அங்க நிக்கணும். படிக்கறப்போ இது உதவும், புள்ளி ஏற்கனவே அங்க இருக்கு, பாத்தா நிக்கலாம். எழுதறப்போ சிக்னல எங்க நடணும்னு அது சொல்லாதே. ரெண்டாவது, எங்க மூச்சு விடறியோ அங்க வை. இத கேட்டா சரின்னுதான் தோணும், ஏன்னா குறிங்க பிறந்ததே அப்படித்தான், கி.மு. 200 வாக்குல அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவரா இருந்த அரிஸ்டோஃபனீஸ் கிரேக்க எழுத்துல மேல, நடுவுல, கீழன்னு மூணு உயரத்துல புள்ளி வெச்சு எங்க எவ்ளோ நிறுத்தணும்னு வாய்விட்டு படிக்கறவங்களுக்குக் காட்டினார். ஆனா அது நல்லா படிக்கத் தெரிஞ்ச பெரியவங்களுக்கு. எழுத்துக் கூட்டி படிக்கற குழந்தை ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு விடும், எழுதறப்போ ஒவ்வொரு எழுத்துக்கும் நிக்கும். மூச்சு விடற இடத்துல வெச்சா பக்கம் முழுக்க புள்ளிதான். வகுப்புல ஒரு பையன் அப்படித்தான் வார்த்தைக்கு வார்த்தை புள்ளி வெச்சான், பழைய ரோமானியக் கல்வெட்டுல வார்த்தைய பிரிக்க நடுவுல புள்ளி வெச்ச மாதிரியே இருந்துச்சு. அவனுக்கு வேண்டியிருந்தது வார்த்தைக்கு நடுவுல இடம் விடற பழக்கம், வாக்கியம் அப்புறம்தான். அது வேற கேஸ், அத இங்க இழுக்கல.

நான் சொல்ல வர்றது இதுதான். வாக்கியம்னா என்னன்னு குழந்தையோட காது கண்டுபிடிக்கணும், அதுக்கு முன்னாடி குறிய பத்தி எவ்ளோ சொன்னாலும் அது அலங்காரமாத்தான் போகும். குழந்தைங்க பேசறது வாக்கியம் வாக்கியமா இல்ல, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு போகுது, "போனனா, அங்க ஒரு நாய் இருந்துச்சா, அப்புறம் அது வந்துச்சா"ன்னு. எங்க ஒண்ணு முடியுது எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு அவங்க யோசிச்சதே கிடையாது, யோசிக்க வேண்டிய தேவையும் வந்ததில்ல, எதிர்ல இருக்கறவங்க முகத்த பாத்தே பேசிடறாங்க. அதனால நோட்ட மூடி வெச்சுட்டேன், கொஞ்ச நாளைக்கு காது வேலை மட்டும்.

தொங்குது, நிக்குது

விளையாட்டு ரொம்ப சாதாரணம். நான் எதாவது சொல்லி நிறுத்துவேன், அது தொங்குதா நிக்குதான்னு அவ சொல்லணும்.

"பூனை ஓடி வந்து" – தொங்குது.
"பூனை ஓடி வந்தது" – நிக்குது.
"மழை பெய்ததால்" – தொங்குது.
"மழை பெய்ததால் நான் வெளியே போகவில்லை" – நிக்குது.

ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டா. இலக்கணத்துல வினையெச்சம், வினைமுற்றுன்னு பெரிய வகுப்புல படிக்கப் போற அதே விஷயம்தான், பேரு தெரியாம காதுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. தமிழ் இதுல குழந்தைக்கு ரொம்ப உதவியா இருக்கு, வினை பொதுவா கடைசில வரும், வந்து நிக்கறதா இன்னும் போகப்போகுதாங்கறத அதோட வாலே சொல்லிடும், 'வந்து'ன்னா போகணும், 'வந்தது'ன்னா நிக்கலாம். ஓலைச்சுவடில நிறுத்தக்குறியே கிடையாது, மெய்க்கு மேல வெக்கற புள்ளியக் கூட ஓலை கிழியும்னு பெரும்பாலும் விட்டுடுவாங்க, அப்பவும் படிச்சாங்கன்னா இந்த வால் ஒரு முக்கியமான காரணம். முற்றுப்புள்ளி கேள்விக்குறி எல்லாம் ஐரோப்பியர்களோட அச்சு வழியா நம்ம கிட்ட வந்தது, 19ஆம் நூற்றாண்டு உரைநடைல அது நல்லா வேர் பிடிச்சதுல ஆறுமுக நாவலருக்கு (1822–1879) பெரிய பங்கு உண்டு. அப்படி பாத்தா ரொம்பப் பழைய பழக்கம் இல்ல இது, குழந்தைக்கு உடனே வரலன்னு கோவப்பட எதுவும் இல்ல.

ஆனா வினைய மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னா போதாது. அத குட்டியே கண்டுபிடிச்சா. நான் "இது என் பை"ன்னு சொன்னேன், அவ யோசிச்சுட்டு, "நிக்குது மிஸ், ஆனா இதுல யாரும் எதுவுமே பண்ணலையே"ன்னா. கரெக்ட், அதுல வினை இல்ல. அதனாலதான் வினை வந்தா புள்ளின்னு நான் விதி எதுவும் கொடுக்கல, தொங்குதா நிக்குதான்னு காதுல கேக்கறதோட விட்டேன். விதியா கொடுத்திருந்தா அவ இந்த மாதிரி வாக்கியத்துல மாட்டிக்கிட்டிருப்பா.

அதவிட பெரிய சிக்கல் 'என்று'. "அப்பா வந்தார்" நிக்குது. "அப்பா வந்தார் என்று" சொன்னதும் குட்டி கண்ண விரிச்சுக்கிட்டு, "மிஸ், நின்னது மறுபடியும் தொங்குது!" அத கேட்டப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு எழுத்துல சொல்ல முடியல. முடிஞ்ச வாக்கியத்த 'என்று' இழுத்து இன்னொரு வாக்கியத்துக்குள்ள வெச்சுடும்ங்கறத ஒரு ஏழு வயசு குழந்தை தானா கேட்டு கண்டுபிடிக்குது.

அப்புறம் கொஞ்சம் கஷ்டமான கட்டம், ரெண்டு நிக்கறத சேத்து சொல்றது. "நாய் வந்தது நான் ஓடினேன்." இதுல எத்தன நிக்குது? முதல்ல ஒண்ணுன்னா, ஏன்னா ஒரே மூச்சுல சொன்னேன். திரும்பச் சொன்னப்ப கையால காத்துல ஒரு வெட்டு வெட்டி ரெண்டா பிரிச்சா. இங்கதான் விஷயமே திரும்புது. புள்ளி எங்க வைக்கணும்ங்கற கேள்விக்கே போகல நாங்க, ஆனா அந்தக் கை வெட்டின இடம்தான் புள்ளியோட இடம்.

கைதட்டறது, எழுந்து உக்கார்றது இந்த மாதிரி ஆக்‌ஷனும் முயற்சி பண்ணேன், வகுப்பே குஷியாயிடுச்சு, ஆனா கொஞ்ச நேரத்துல தட்டறதுதான் விளையாட்டுன்னு ஆகி வார்த்தைக்கு வார்த்தை தட்டினாங்க. விட்டுட்டேன்.

பேப்பருக்கு வந்தப்போ

லைன் விதிய உடைக்க வேண்டியிருந்தது. ஒரு சின்ன கதைய கம்ப்யூட்டர்ல அடிச்சு, ஒண்ணு அகலமா ஒண்ணு ஒடுக்கமா ரெண்டு விதமா பிரிண்ட் எடுத்தேன். அதே வார்த்தைங்க, அதே புள்ளிங்க, ஆனா லைன் உடையற இடம் வேற. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, இதுல "ஓடியது" எங்க இருக்கு, அதுல எங்க இருக்கு, புள்ளி எங்க இருக்குன்னு தேட சொன்னேன். ஒண்ணுல லைன் கடைசில இருக்கற புள்ளி இன்னொண்ணுல லைன் நடுவுல இருக்கு. ஆனா ரெண்டுலயும் "ஓடியது" பக்கத்துலதான் இருக்கு. "அப்போ புள்ளி லைனோட இல்ல மிஸ், ஓடியதோட"ன்னா. நான் வாயத் திறக்கவே இல்ல. இத செய்ய ஒரு பிரிண்டர் கூட வேண்டாம், கையால ரெண்டு தடவை எழுதினாலே போதும், ஆனா எந்தப் பாடப்புத்தகத்துலயும் இந்தப் பயிற்சிய நான் பாத்ததில்ல, இருக்கணும்னு நினைக்கிறேன்.

அடுத்தது அவ எழுதினத நான் படிக்கறது. இது ரொம்ப முக்கியம், ஏன்னா அவ எழுதினத அவளே படிச்சா குறை எதுவும் தெரியவே தெரியாது, கதை மனசுல இருக்கு, குரல் தானா ஏறி இறங்கிடும், இல்லாத புள்ளியும் இருக்கற மாதிரியே படிச்சுடுவா. நாய்க்குட்டி பத்திய நான் எடுத்து, பேப்பர்ல எப்படி இருக்கோ அப்படியே, நிக்காம, கேலி தொனி துளி கூட இல்லாம படிச்சேன். "அது என்னை பாத்து வாலை ஆட்டியது நான் அதை தொட்டேன் அது ஏன் அழுதது அப்பா வா போகலாம்"...

"இல்ல மிஸ் இல்ல மிஸ், அழுதது நாய், அப்பா இல்ல!"

"எனக்கு எப்படிம்மா தெரியும், நான் பார்க்குக்கு வரலையே?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் பச்சை பென்சில எடுத்து "அழுதது" பக்கத்துல அழுத்தி ஒண்ணு வெச்சா. அது கேள்விக்குறியா இருந்திருக்கணும், முற்றுப்புள்ளி வெச்சா, பரவால்ல. அங்க வராத ஒருத்தருக்காக வெக்கறதுன்னு அவளுக்கு அன்னிக்கு புரிஞ்சுது.

பச்சை பென்சில் எதுக்குன்னா, எழுதறதையும் குறி வெக்கறதையும் நான் தனித்தனியா பிரிச்சுட்டேன். தமிழ்ல 247 எழுத்து, இந்த வயசுல கொம்பு எந்தப் பக்கம், கால் போடணுமா வேண்டாமா, றவா ரவான்னு ஒவ்வொண்ணுக்கும் மூளை வேலை செய்யுது, அதுக்கு நடுவுல கதையும் மறக்கக் கூடாது, அதோட புள்ளியும் வைன்னா எதாவது ஒண்ணு கீழ விழும், விழறது புள்ளிதான். அதனால எழுதறப்போ எழுது, குறிய பத்தி நினைக்கவே வேணாம். முடிச்சதும் எழுதின பென்சில கீழ வெச்சுட்டு பச்சைய எடுத்துக்கோ, மெதுவா வாய்விட்டு படி, எங்க நிக்குதோ அங்க வை. ரெண்டாவது சுத்துக்குன்னே தனி பென்சில் இருந்ததுல அது தப்பு திருத்தறதுன்னு அவளுக்குத் தோணல, எழுத்தோட இன்னொரு பாதின்னுதான் எடுத்துக்கிட்டா.

'அப்புறம்' பத்தி தனியா சொல்லணும். "போனேன் அப்புறம் பார்த்தேன் அப்புறம் தொட்டேன் அப்புறம்"னு எல்லா குழந்தையும் எழுதும். சில பேர் 'அப்புறம்' எழுதாதேன்னு தடை போடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அது கதை சொல்றவங்களோட வார்த்தை, அத பிடுங்கினா குழந்தை எழுதறதையே நிறுத்திடும். அதுக்கு பதிலா அதையே அடையாளமா வெச்சுக்கிட்டோம், அப்புறம்னு பாத்தா அதுக்கு முன்னாடி இருக்கறது நிக்குதான்னு பாரு. பெரும்பாலும் நிக்கும், வெச்சுடலாம். இந்த ஒண்ணுலயே அவ பக்கத்துல பாதி புள்ளி சரியான இடத்துக்கு வந்துடுச்சு.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல வாக்கியத்தோட முதல் எழுத்து பெருசா இருக்கும், அதனால புள்ளி விட்டுப்போனாலும் அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சுடும். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, ஆரம்பத்தையும் முடிவையும் சேத்து அந்த ஒரே புள்ளிதான் சுமக்குது. ரெண்டு மொழியும் படிக்கற குழந்தைக்கு இந்த வித்தியாசத்த சொல்லிடறது நல்லது, குட்டிக்கு சொன்னேன், அவளுக்கு ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு.

கேள்விக்குறி

இதுதான் நிஜமாவே கஷ்டம். முற்றுப்புள்ளி ஓரளவு நிலைச்சதும் கேள்விக்குறிக்கு வந்தோம், குட்டி உடனே ஒரு விதி செஞ்சுக்கிட்டா: ஏன், எங்க, யாரு, எப்போ இருந்தா கேள்விக்குறி. பாதி சரி. "நீ எங்கே போனாய்?" சரி. ஆனா "அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை?"ன்னும் வெச்சா, "எவ்வளவு பெரிய யானை?"ன்னும் வெச்சா. இன்னொரு பக்கம் "நீ வருவாயா"ங்கறதுக்கு குறியே இல்ல, ஏன்னா அதுல கேள்விச் சொல்லு கிடையாது, கடைசில ஒரு 'ஆ' மட்டும்தான் இருக்கு. நம்ம இலக்கணத்துல எ, யா சொல்லுக்கு முதல்ல வரும், ஆ, ஓ கடைசில வரும், ஏ ரெண்டு இடத்துலயும் வரும். குழந்தைக்கு முதல்ல வர்றது பளிச்சுன்னு தெரியுது, கடைசில ஒட்டிக்கிட்டு இருக்கறது தெரியல.

இங்கயும் வார்த்தைய தேட விடல, காதுக்குத்தான் போனோம். ஒரே கேள்வி: இத யார் கிட்டயாவது சொன்னா அவங்க பதில் சொல்லணுமா? "நீ வருவாயா" – ஆமா, சொல்லணும். "அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை" – வேணாம், நான் ஒரு விஷயத்த சொல்றேன், அவ்ளோதான். "எவ்வளவு பெரிய யானை" – இதுக்கு அவ சொன்னது, "அளவு கேட்டா பதில் சொல்லணும் மிஸ், ஆச்சரியமா சொன்னா வேணாம்." எழுத்துல ஒண்ணுதான், குரல்ல ரெண்டு, எதுன்னு படிக்கறவங்களுக்கு குறிதான் சொல்லணும். இத நான் சொல்லித்தரல, நானே இவ்ளோ தெளிவா சொல்லியிருக்க மாட்டேன்.

அதுலேர்ந்து ஒரு விளையாட்டு வந்துச்சு, ஒரே வாக்கியம் மூணு குறி. "மழை வந்துடுச்சு." "மழை வந்துடுச்சு?" "மழை வந்துடுச்சு!" சீட்டுல எழுதி கொடுத்தா ஒருத்தர் குறிய பாத்து குரல்ல சொல்லணும், மத்தவங்க கேட்டுட்டு குறிய விரலால காத்துல வரையணும். வகுப்புல எல்லாரும் கேட்டு கேட்டு ஆடினது இதுதான். ஸ்பானிய மொழில வாக்கியத்துக்கு முன்னாடியும் ஒரு தலைகீழ் கேள்விக்குறி வெப்பாங்க, 1754ல அவங்க மொழிக் கழகம் கொண்டு வந்த விதி, நீளமான கேள்விய படிக்க ஆரம்பிக்கறப்பவே குரல தயார் பண்ணிக்கலாம்னு. இத ஒரு நாள் போர்டுல வரைஞ்சு காட்டினேன், குட்டி ஒரு வாரம் எல்லா கேள்விக்கும் ரெண்டு பக்கமும் வெச்சா, நான் தடுக்கல. கேள்வி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அவ பாக்கறா, அதுதான் எனக்கு வேணும். தானா விட்டுட்டா.

ஆச்சரியக்குறி பத்தி நிறைய சொல்ல எதுவும் இல்ல. தெரிஞ்சதும் எல்லாத்துக்கும் வெப்பாங்க, மூணு நாலுன்னு வரிசையா வெப்பாங்க. நான் கேட்டது, இந்தப் பக்கத்துலயே ரொம்ப ஆச்சரியமான இடம் எது, அங்க மட்டும் வை. அவ தேர்ந்தெடுத்தது நாய்க்குட்டி திரும்ப வந்த இடம். சரியான இடம்.

வீட்டுல

அவ அம்மா வந்து, "மிஸ், வீட்டுல நான் என்ன பண்ணணும், ஸ்பெல்லிங் தப்பா இருந்தா கூட விட்டுடணுமா?"ன்னு கேட்டாங்க. இப்போதைக்கு விட்டுடுங்கம்மான்னேன். ஒரே பக்கத்துல எழுத்துப்பிழை, பேச்சு வழக்கு, கையெழுத்து, குறி எல்லாத்தையும் திருத்தினா குழந்தைக்கு எதுவும் ஒட்டாது, எழுதினதே தப்புன்னுதான் ஒட்டும். அவங்க கிட்ட நான் கேட்டது ரெண்டே விஷயம். அவ எழுதினத நீங்க அவளுக்குப் படிச்சு காட்டுங்க, பேப்பர்ல இருக்கற மாதிரியே படிங்க, திருத்தாதீங்க. அப்புறம் ராத்திரி கதை படிக்கறப்போ எப்பவாவது ஒரு இடத்துல நிறுத்தி, நான் ஏன் இங்க குரல மாத்தினேன்னு கேளுங்க. ரெண்டையும் செஞ்சாங்க. கதை படிக்கறது அவங்களுக்கு ஏற்கனவே பழக்கம்ங்கறதால அது பாரமா இல்லன்னாங்க. அது இல்லாத வீட்டுல எப்படிங்கறத இந்த ஒரு கேஸ வெச்சு என்னால சொல்ல முடியாது.

இப்போ எங்க இருக்கா

சின்ன வாக்கியங்கள்ல முற்றுப்புள்ளி பெரும்பாலும் தானா வருது, பச்சை பென்சில் இல்லாமயே. நீளமான கதை எழுதறப்போ முதல் பாதில எல்லாம் இருக்கும், கதை சூடு பிடிச்சதும் பின் பாதில ஒண்ணு கூட இருக்காது. ஆர்வம் ஏறினா முதல்ல காணாம போறது குறிதான், அது எனக்கு கவலையா இல்ல, ரெண்டாவது சுத்துல அவளே பிடிச்சுடறா. லீவு முடிஞ்சு வந்தப்போ பழைய லைன் கடைசி புள்ளி ரெண்டு மூணு பக்கத்துல எட்டிப் பாத்துச்சு. அந்த அகலம் ஒடுக்கம் பேப்பர மறுபடி எடுத்து காட்டினேன், "ஆமா மிஸ், ஓடியதோட"ன்னு அவளே சிரிச்சுட்டு மாத்திட்டா.

இன்னும் வராதது, ஒருத்தர் சொன்னத அப்படியே எழுதற வாக்கியம். "வா போகலாம் என்று அப்பா சொன்னார்" பரவால்ல, ஒரே முற்றுப்புள்ளி போதும். ஆனா அவ இப்ப "நீ வருவியா? என்று கேட்டாள்"னு எழுதறா, கேள்விக்குறி வந்துடுச்சு, அது சரியான இடத்துலதான் இருக்கு, ஆனா குறி வந்துட்டதால வாக்கியம் முடிஞ்சுதுன்னு நினைச்சு "கேட்டாள்" பக்கத்துல எதுவும் வெக்கறதில்ல. மேற்கோள்குறி சொல்லித்தந்தாதான் இது தெளியும், உள்ள ஒரு குறி வெளிய ஒரு குறின்னு. அத இந்த வருஷம் நான் தொடல, வேணும்னேதான் தொடல, இப்பதான் ஒண்ணு நிலைச்சிருக்கு.

மூணாம் வகுப்பு டீச்சர் கிட்ட அவ நோட்டையும் பச்சை பென்சிலையும் கொடுத்தாச்சு. கூட ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கேன்: புள்ளி விட்டுப்போன இடத்துல குறி போட்டு காட்ட வேணாம், அந்த இடத்த வாய்விட்டு படிச்சு காட்டுங்க. மேற்கோள்குறிய ஆரம்பிக்கறப்போ 'என்று' வந்தா நின்னது தொங்கும்னு அவளுக்கு ஏற்கனவே தெரியும், அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.